ஐந்து பேர் ஆடும் வரைபடம்

நாற்பது பக்க நோட்டு ஒன்று என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. முதல் பதினோரு பக்கங்களில் ஒரு விளையாட்டின் விதிகளை நீல மையில் எழுதியிருக்கிறேன். ஓரங்களில் சிவப்பு மையில் என் சம்பந்தியின் கையெழுத்து: ‘இது ரயில்வே முறைக்கு விரோதம்’, ‘இப்படி வண்டி விட்டால் மெமோ வரும்’, ‘ஒப்புக்கொள்ளப்பட்டது’. ஒவ்வொரு குறிப்பின் கீழும் தேதி போட்டது நான். சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தவனுக்குத் தேதி இல்லாத தாள் குப்பைத் தாள். வீட்டுக்கு வந்த பிறகும் பழக்கம் போகவில்லை. மழை பெய்த நேரம், கரண்ட் போன நேரம், அருவியில் தண்ணீர் விழத் தொடங்கிய நாள் எல்லாம் என் நாட்குறிப்பில் இருக்கும். எழுதாமல் விட்டது ஒன்றே ஒன்று. அதைத்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதுவதற்குள் களைப்பாக இருக்கிறது.

சம்பந்தி என்றால் என் மருமகளின் அப்பா. கூட்ஸ் வண்டியில் கார்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்தபின் மேலகரத்தில் தனியாக இருந்தார். நானும் என் மனைவியும் தென்காசியில், ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவில். என் மகனுக்கும் அவர் மகளுக்கும் துபாயில் வேலை. போன ஆவணியில் அவர்கள் ஊருக்கு வந்தபோது மருமகள் ஒரு பெரிய அட்டைப்பெட்டி கொண்டுவந்தாள். ரயில் பாதை போடும் விளையாட்டு. ஆளுக்கொரு வீட்டில் உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருக்காமல் வாரத்தில் ஒரு நாளாவது இரண்டு பேரும் சேர்ந்து இருங்கள் என்றாள். செவ்வாய்க்கிழமை என்று முடிவு செய்தோம். அன்று சம்பந்திக்கு விரதம். காலையில் சமையல் வேலை கிடையாது. மேலகரத்திலிருந்து டவுன் பஸ் ஏறிப் பத்தேகாலுக்கு வந்துவிடுவார். ஒரு காபி மட்டும் குடிப்பார்.

முதல் நாள் அவர் விதிப் புத்தகத்தைத் தொடவே இல்லை. சின்னச் சின்ன பிளாஸ்டிக் கோச்சுகளைத்தான் எடுத்தார். ஐந்து நிறம், நிறத்துக்கு நாற்பத்தைந்து. ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து மேசையில் வரிசையாக நிறுத்தினார். பச்சையில் ஒன்றுக்கு முனை ஒடிந்திருந்தது. “இத சிக் லைன்ல போடுங்க” என்று என்னிடம் நீட்டினார். பழுதான வண்டிகளை ஓரமாக நிறுத்தும் தடத்துக்கு அவர்கள் வைத்த பேர் அது. நான் அதை என் பேனா டப்பாவில் போட்டேன்.

விதிகளைப் படிக்க மூன்று செவ்வாய் ஆயிற்று. எட்டுப் பக்கம், எல்லாம் ஆங்கிலம், எறும்பு போல எழுத்து. நான் ஒவ்வொரு பத்தியாகத் தமிழில் நோட்டில் எழுத, அவர் சரிபார்த்தார். விஷயம் சிக்கலானதல்ல. வரைபடத்தில் ஊர்கள் இருக்கும், ஊர்களுக்கு நடுவே கட்டம் கட்டமாகப் பாதைகள் இருக்கும். ஒரே நிறத்துச் சீட்டுகளைச் சேர்த்தால் அந்த நிறப் பாதையில் நம் கோச்சுகளை அடுக்கலாம். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் பாதை போட வேண்டும் என்பது கையில் இருக்கும் பயணச்சீட்டில் எழுதியிருக்கும். அதை அடுத்தவருக்குக் காட்டக் கூடாது. ஒரு பாதையை ஒருவர் பிடித்துவிட்டால் மற்றவர் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். ஆகவே எதிராளி எங்கே போகிறார் என்று மோப்பம் பிடித்து, முந்திக்கொண்டு மறிப்பதுதான் ஆட்டம்.

அது ஏழாவது விதி. நன்றாகப் புரிந்துதான் எழுதினேன். ஆனால் ஆடத் தொடங்கியதும் சம்பந்தி கோச்சைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, “லைன் கிளியர் உண்டுமா சம்பந்தி?” என்று கேட்டார். ஒற்றைத் தடத்தில் வண்டி கிளம்புமுன் அடுத்த ஸ்டேஷனில் அனுமதி கேட்பார்களாம். அனுமதி வராமல் சக்கரம் உருளக் கூடாது. அந்தப் பாதை எனக்கு வேண்டியதாக இருந்தால் நான் கொஞ்சம் இழுப்பேன். உடனே அவர் கையை எடுத்துக்கொண்டு வேறு வழியில் போவார். என் முறை வந்தால் நானும் கேட்பேன். பெண் கொடுத்தவரின் பாதையில் குறுக்கே நிற்பதா என்று எனக்குத் தயக்கம், மாப்பிள்ளை வீட்டாரை மறிப்பதா என்று அவருக்குத் தயக்கம். இப்படியே நான்கு மாதம் ஆடினோம். எந்த ஆட்டத்திலும் யாரும் தோற்கவில்லை.

மார்கழியில் ஒருநாள் வீடியோ காலில் மகன் ஒரு முழு ஆட்டத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். யாரும் யாரையும் மறிக்கவே இல்லையே, இப்படி ஆடினால் யார் ஜெயிப்பது என்றான்.

“ரெண்டு வண்டியும் ஊரு போய்ச் சேந்துச்சுல்லா மாப்ள. அதுக்கு மேல என்னத்த ஜெயிக்க?” என்றார் சம்பந்தி.

அடுக்களையிலிருந்து என் மனைவி, “பொண்ணு குடுத்தவரும் பொண்ணு எடுத்தவரும் ஆடுனா இப்படித்தான் ஆடுவாவ. மொய் எழுதுத மாதிரி” என்றாள்.

அன்றுதான் ஏழாவது விதிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் அவர் எழுதினார்: ‘சம்பந்திகளுக்குப் பொருந்தாது’. நான் தேதி போட்டேன். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். பத்திரம் பதிவது போல.

பங்குனி உத்திரத்துக்கு மறுநாள், காலை பத்து இருபதுக்கு மகன் போன் செய்தான். தானும் மனைவியும் பிரிந்துவிட்டதாகச் சொன்னான். அவள் வேறு இடத்தில் அறை எடுத்து ஒரு மாதம் ஆகிறது. சண்டை எதுவும் இல்லை, பேசிப் பேசி எடுத்த முடிவு, இனி மாறாது என்றான். அவன் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு எதிர்த்துப் பேச ஏதாவது கிடைத்திருக்கும். கோபமே இல்லை. பிறகு ஒன்று கேட்டான். “அவளால அவங்க அப்பாட்ட வாய் தொறந்து சொல்ல முடியலயாம்ப்பா. நீங்க சொன்னாத்தான் தாங்குவாருன்னு சொல்லுதா. சொல்லிருதியளா?”

செவ்வாய்க்கிழமை வருவார், சொல்லிவிடுகிறேன் என்றேன்.

செவ்வாய்க்கிழமை வந்தார். கையில் ஒரு செய்தியோடு வந்தார். இந்த விளையாட்டுக்குக் கூடுதல் வரைபடங்கள் தனியாக விற்கிறார்கள், எக்ஸ்பான்ஷன் என்று பெயர் என்று மகள் எப்போதோ அவரிடம் சொல்லியிருந்தாளாம். புதுப் படமும் புதுப் பயணச்சீட்டுகளும்தான் அதில் இருக்கும். கோச்சுகள் பழைய பெட்டியில் உள்ளவைதான். என் மகனோடு வேலை பார்க்கும் கடையநல்லூர்க்காரர் ஒருவர் ஆனியில் ஊருக்கு வருவதாக இருந்தது. அவர் பையில் ஒன்றே ஒன்றுக்கு இடம் கேட்கலாம். எதை வாங்குவது? இதைச் சொல்லும்போது அவர் முகம் வண்டி கிளம்பும் நேரத்தில் கொடி பிடித்தவர் முகம் போல இருந்தது. நான் சொல்லவில்லை. சாயங்காலம் மகன், “சொல்லியாச்சாப்பா?” என்றான். நான் “ம்” என்றேன். அடுத்த வாரம் சொல்லிவிடலாம், ஒரு வாரப் பொய்தானே என்று நினைத்தேன். அன்றைய நாட்குறிப்பில் மாலை ஐந்தரைக்குக் கோடை மழை என்று இருக்கிறது. அந்த ‘ம்’ இல்லை.

அடுத்த வாரம் மூன்று படங்களை ஒப்பிட்டு அட்டவணை போட்டோம். ஒன்று மலைநாடு. இரண்டு அல்லது மூன்று பேர்தான் ஆட முடியும். அதில் குகைப்பாதைகள் உண்டு, எத்தனை சீட்டு தேவைப்படும் என்று பாதை போட முயன்ற பிறகுதான் தெரியும். இரண்டாவது நம் நாட்டின் பழைய வரைபடம், நான்கு பேர் வரை ஆடலாம். அதைச் சம்பந்தி உடனே தள்ளினார். கொல்லத்திலிருந்து செங்கோட்டைக்கு மலையைக் குடைந்து போட்ட தடத்தில் பாதி வாழ்நாள் போனவர் அவர். “செங்கோட்டையும் இல்ல, தென்காசியும் இல்ல. இத எவன் சர்வே பண்ணுனான்?” என்றார். மூன்றாவது பெரிய படம். ஐந்து பேர் ஆடலாம்.

நான் மலைநாட்டுப் படத்துக்காக வாதாடினேன். குகைகளைப் பற்றி, மேசையின் அளவைப் பற்றி, நம் கண்பார்வையைப் பற்றியெல்லாம் பேசினேன். நாம் இரண்டு பேர்தானே என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னேன். அவர் விரல் மடக்கினார். என் மனைவியை அவர் தங்கச்சி என்றுதான் சொல்வார். “நீங்க, நான், தங்கச்சி, மாப்ள, எம் மவ. அஞ்சு. ஆடியில வாரோம்னு சொல்லிட்டுத்தான போனாவ? சாரல்ல குளிச்சிட்டு வந்து உக்காந்தா பொழுது போயிரும்.”

அப்போது சொல்லியிருக்கலாம். அதற்கடுத்த வாரமும் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு செவ்வாயும் காலையில் என் மனைவி, “இன்னைக்காவது சொல்லுதியளா, இல்ல நானே சொல்லட்டுமா” என்பாள். காபி கொண்டுவந்து வைத்துவிட்டு வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் நிற்பாள். அவர் கோச்சைக் கையில் எடுத்து லைன் கிளியர் கேட்பார். நான் உண்டு என்பேன். வாரத்துக்கு இருபது தடவை அனுமதி கொடுத்தேன். கடைசியில் பெரிய படத்துக்கே ஒப்புக்கொண்டு மகனுக்குத் தகவல் அனுப்பினேன். அவன் ‘சரிப்பா’ என்று மட்டும் பதில் போட்டான்.

வைகாசிக் கடைசியில் ஒரு செவ்வாய். முதல் சாரல் இறங்கியிருந்தது. சம்பந்தி குடையைக்கூட மடக்காமல் உள்ளே வந்து உட்கார்ந்தார். நான் அட்டைப்பெட்டியை எடுத்தேன். மூடியின் மேல் கை வைத்துத் தடுத்தார்.

“எம் மவ விஷயம் உங்களுக்கு என்னைக்குத் தெரியும்? தேதியச் சொல்லுங்க. நீங்கதான் எல்லாத்தையும் எழுதுவியளே.”

நாட்குறிப்பை எடுக்கத் தேவையிருக்கவில்லை. “பங்குனி உத்திரத்துக்கு மறுநா. காலையில பத்து இருவது” என்றேன். அந்த நேரத்திலும் நிமிஷத்தோடு சொன்னது எனக்கே அருவருப்பாக இருந்தது.

அவர் விரல் மடக்கி எண்ணினார். “ஒம்போது செவ்வா எங்கூட உக்காந்து ஆடியிருக்கிய.” குரலை உயர்த்தவில்லை. “ஒம்போது ஞாயித்துக்கிழம நான் அவளுக்குப் போன் போட்டிருக்கேன். எடுத்த ஒடனே மாப்ள சாப்ட்டாரான்னுதான் கேப்பேன். முந்தாநா அழுதுட்டா. நாங்க பிரிஞ்சத மாமாதான் சொல்லியாச்சே, தெரிஞ்சிக்கிட்டே ஏம்ப்பா வாரா வாரம் குத்துதியன்னு கேக்கா. எனக்கு என்னன்னே வெளங்கல.”

எழுந்தார். என் மனைவி கொண்டுவந்த காபியைப் பார்த்தார், கை கூப்பினார், போய்விட்டார். அவருக்கு அடுத்த பஸ் பதினொன்றுக்குத்தான். அரை மணி நேரத்துக்கு மேல் சாரலில் ஸ்டாப்பில் நின்றிருப்பார்.

மறுநாள் காலை நான் மருமகளுக்குப் போன் செய்தேன். மருமகள் என்றே எழுதுகிறேன், வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. உன் அப்பாவுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை வரை எதுவும் தெரியாது, சொல்லிவிட்டதாக நான் சொன்னது பொய், அவர் மாப்பிள்ளையை விசாரித்தது நிஜமாகவே விசாரித்ததுதான் என்று வரிசையாகச் சொன்னேன். எழுதி வைத்துக்கொண்டுதான் படித்தேன். இல்லாவிட்டால் ஏதாவது ஒன்றை விட்டிருப்பேன்.

“அப்பா என்னத் தண்டிக்காங்கன்னு நெனச்சேன் மாமா” என்றாள். பிறகு, “ஏன் மாமா சொல்லல?” என்று கேட்டாள்.

ஆடிக்கொண்டிருந்தோம், எந்தப் படம் வாங்குவதென்று பேசிக்கொண்டிருந்தோம் என்றேன். அறுபத்தெட்டு வயதில் ஒரு மனிதன் சொல்லக்கூடிய பதிலா அது?

அவள் அழுகிறாளா என்று தெரியவில்லை. பிறகு கேட்டாள். “எத எடுத்திய?”

“பெருசு. அஞ்சு பேரு ஆடுதது. நீ வருவேன்னு உங்கப்பாதான் அதயே பிடிச்சாவ.”

அவள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அங்கே ஏதோ லிஃப்ட் திறந்து மூடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

ஆனியில் படம் வந்தது. பிரிக்காமல் அலமாரியில் வைத்தேன். செவ்வாய்க்கிழமைகள் நீளமாகிவிட்டன. பத்தேகால் பஸ் முக்கில் திரும்பும் சத்தம் கேட்டால் என் மனைவி இப்போதும் அடுப்பைப் பற்றவைக்கப் போய், பாதியில் நின்று திரும்பி வருவாள். குற்றாலத்தில் சீசன் கூட்டம். வெளியூர் வண்டிகள் எங்கள் தெருமுனை வரை நின்றன. நான் ஒரு நாள்கூட அருவிப் பக்கம் போகவில்லை.

போன வெள்ளிக்கிழமை வாசலில் ஆட்டோ நின்றது. சம்பந்தி கேட்டுக்கு வெளியே நின்றார். உள்ளே வரவில்லை. துபாய்க்குப் போகிறார், மகள் விசாவும் டிக்கெட்டும் அனுப்பியிருக்கிறாள் என்பதை என் மனைவியிடம்தான் சொன்னார்.

“உள்ள வாங்கண்ணே, ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போங்க.”

“இருக்கட்டும் தங்கச்சி. ஆட்டோ நிக்கு.” பிறகு என்னைப் பார்த்து, சம்பந்தி என்று கூப்பிடாமல், எதுவென்றும் கூப்பிடாமல், “அந்தப் படம் வந்துச்சுல்லா? அதக் குடுங்க” என்றார்.

எடுத்து வந்தேன். கூடவே பழைய அட்டைப்பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தேன். கோச்சுகள் இல்லாமல் புதுப் படத்தில் ஆட முடியாது என்பது அவருக்கு நினைவிருக்குமோ என்னவோ என்று அதையும் சொன்னேன்.

“தெரியும். ஆடுததுக்கு இல்ல. அவகிட்ட காட்டணும்.” புதுப் படத்தை மட்டும் வாங்கித் தோள்பையில் சொருகினார். பை மூடவில்லை. அட்டையின் ஒரு முனை வெளியே துருத்திக்கொண்டிருந்தது. கேட் தூணின் மேல் நான் வைத்த பழைய பெட்டியை ஒரு விரலால் என் பக்கம் தள்ளினார்.

“இது இங்கனயே இருக்கட்டும்” என்றார்.