மோர்டனில் இரண்டு கெட்டில்பிகள்

என் முழுப் பெயர் சுடலைமுத்து கெட்டில்பி. சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன். ஹீத்ரோவில் பாஸ்போர்ட்டைப் புரட்டிய அதிகாரி சிரிக்கவில்லை. முதல் பாதியை விரலால் மறைத்துக்கொண்டு இரண்டாம் பாதியைப் படித்தார். என் முகத்தைப் பார்த்தார். மறுபடி படித்தார். "இந்தப் பெயர் எப்படி வந்தது?" என்றார். "என் அப்பா பெயர்" என்றேன். நான் சொன்னது உண்மை. அவர் புரிந்துகொண்டது என்னவோ வேறு கதை, முத்திரையைக் கொஞ்சம் மரியாதையாகவே குத்தினார்.

இது நடந்தது இந்த வருடம், 2009 ஜூனில். பத்து நாள் லண்டனில் இருந்தேன். போக நினைப்பவர்கள் நேரம், தூரம், கட்டணம் கேட்டு எழுதுகிறீர்கள். தருகிறேன். ஆனால் அரண்மனை, பாலம், மெழுகு பொம்மை எதையும் நான் பார்க்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு ஏமாற்றிவிட்டான் என்று பின்னூட்டத்தில் திட்டக் கூடாது.

போனதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, ஈஸ்ட் ஹாமில் ஒரு தமிழ்ச் சங்கத்தார் என்னை நகைச்சுவைப் பேச்சுக்கு அழைத்து விமான டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்திருந்தார்கள். அழைத்தது ஜனவரியில். மே மாதம் வன்னியில் எல்லாம் முடிந்துபோயிருந்தது. நான் போய் இறங்கியபோது அந்த ஊரில் எந்தத் தமிழருக்கும் சிரிக்க மனமில்லை. கூட்டத்தை மௌன அஞ்சலியாக மாற்றிவிட்டார்கள். நான்கு மாதம் தயார் செய்த நகைச்சுவையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் நான் பேசாத பேச்சுகளில் சிறந்தது அதுதான்.

இரண்டாவது காரணம் ஒரு கடிதம். அதற்கு என் அப்பா பிறந்த கதையைச் சொல்ல வேண்டும்.

தென்காசிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது. அதில் மிஸ் கெட்டில்பி என்று ஒரு வெள்ளைக்கார லேடி டாக்டர். 1932இல் என் ஆச்சி இரண்டு நாள் வலியில் கிடந்தபோது, அந்த அம்மாள் ஆயுதம் போட்டு அப்பாவை வெளியே எடுத்தார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். நன்றிக்கு என்ன செய்வது? பிள்ளைக்கு டாக்டர் பெயரையே வைத்துவிட்டார்கள். அது அவருடைய குடும்பப் பெயர் என்பதெல்லாம் யாருக்குத் தெரியும். அப்படி வைத்தது எங்கள் வீடு மட்டும் இல்லை. நான் சிறுவனாக இருந்தபோது ஊரில் ஏழு கெட்டில்பிகள் இருந்தார்கள். தையற்கடை கெட்டில்பி, மூக்குப்பொடி கெட்டில்பி, பெண்களில் கெட்டிலம்மாள் இரண்டு பேர். கல்யாணமே செய்துகொள்ளாத ஒரு பெண்ணுக்கு இத்தனை வாரிசுகள். இன்று அந்த ஏழு பேரில் ஒருவரும் இல்லை.

டாக்டரம்மா ஐம்பதுகளில் லண்டனுக்குத் திரும்பி, 1971இல் காலமானார். அப்பா வருடம் தவறாமல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்புவார். அம்மையார் போன பிறகு, அவருடைய அண்ணன் மகள் டோரதி கெட்டில்பி பதில் போட ஆரம்பித்தார். அப்பா ரேஷன் கடையில் எழுத்தராக இருந்தவர். அந்த வாழ்த்து அட்டை எழுத மட்டும் ஒரு பேனா தனியாக வைத்திருந்தார்.

இந்த ஜனவரியில் அப்பா இறந்தார். லண்டனுக்கு இரண்டு வரி எழுதிப் போட்டேன். பதில் வந்தது, எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில்: "இங்கே எங்கள் வீட்டுப் பெயரில் நான் ஒருத்திதான் மிச்சம். அங்கே இனி நீ. எனக்கு எண்பத்தொன்பது. முடிந்தால் வா. உன்னிடம் ஒப்படைக்க ஒன்று இருக்கிறது."

செவ்வாய்க்கிழமை டோரதியைப் பார்க்கக் கிளம்பினேன். முந்தின நாள் ஈஸ்ட் ஹாம் நூலகத்தில் தடித்த டெலிபோன் புத்தகம் ஒன்றை எடுத்து எங்கள் பெயரைத் தேடினேன். நான் பார்த்த புத்தகத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். எங்கள் ஊரில் ஒரு தெருவிலேயே மூன்று பேர் இருந்தார்களே என்று எனக்குள் ஓர் அற்பப் பெருமை.

பன்னிரண்டரைக்கு ஈஸ்ட் ஹாமில் டிஸ்ட்ரிக்ட் லைன் ரயில். மானுமென்ட் நிலையத்தில் இறங்கி, சுரங்க நடைபாதையில் ஏழு நிமிடம் நடந்தால் பேங்க் நிலையம். அங்கே நார்தர்ன் லைன், கடைசி நிறுத்தம் மோர்டன். ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. காசு கொடுத்து டிக்கெட் வாங்கினால் நான்கு பவுண்டு, ஆய்ஸ்டர் அட்டை வைத்திருந்தால் நெரிசல் இல்லாத நேரத்தில் இரண்டு பவுண்டு இருபது. முதல் நாள் நான்கு கொடுத்தவன் சொல்கிறேன், அட்டை வாங்குங்கள்.

மோர்டன் நிலையத்துக்கு வெளியே ஒரு மினிகேப் கடை. டோரதி இருந்த முதியோர் இல்லத்துக்கு இரண்டு மைல், ஆறு பவுண்டு. பஸ்ஸில் ஒரு பவுண்டுதான், ஆனால் எனக்கு வழி தெரியாது, கேட்கவும் வெட்கம். டிரைவர் யாழ்ப்பாணத்துக்காரர், பெயர் குகன், நாற்பது வயதிருக்கும். தாளில் எழுத என் பெயரைக் கேட்டார். சொன்னேன்.

"கெட்டில்பியோ? அது வெள்ளைக்காரப் பேரெல்லோ அண்ணை."

"எங்கப்பா பேரு."

"கொப்பர் வெள்ளையோ?"

"என்னைவிடக் கறுப்பு."

கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். முன்சீட்டில் ஒரு காகிதக் கட்டு கிடந்தது. சிக்னலில் வண்டி நின்றபோதெல்லாம் அவர் கை அதற்குப் போய் ஒரு பக்கத்தைத் திருப்பியது. என்ன என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"காம்பில இருக்கிற ஆக்களின்ர பேர் அண்ணை. தம்பியைத் தேடுறன். அவன்ர பேரில பதினொரு பேர் இருக்கினம். தகப்பன்ர பேரைப் பாத்தால்தானே ஆரெண்டு தெரியும். எங்கட அப்பாவின்ர பேரோட ஒருத்தரும் இல்லை."

 இறங்கும்போது, "நான் இஞ்சையே நிக்கிறன். ஆறுதலா வாங்கோ" என்றார். காத்திருப்புக்கு எவ்வளவு என்று கேட்டேன். ஒன்றும் வேண்டாம் என்று கையை அசைத்தார்.

இல்லத்தில் பார்வையாளர் நேரம் இரண்டிலிருந்து நான்கு. நான் நுழைந்தது இரண்டு பத்துக்கு. வரவேற்பில் இருந்த பணிப்பெண்ணும் தமிழ்தான். பதிவேட்டில் பெயர், வந்த நேரம், போன நேரம், என்ன உறவு என்று நான்கு கட்டங்கள். நான் பெயரை எழுதியதும் அவர் எட்டிப் பார்த்தார்.

"நீங்கள் டோரதிக்குச் சொந்தமோ?"

"அது வந்து, ஒரு மாதிரி."

"இந்த வருசம் அவவைப் பாக்க வந்த முதல் ஆள் நீங்கள்தான்" என்றார். உறவுக் கட்டத்தை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனேன்.

டோரதி ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார். சின்ன உருவம், பெரிய மூக்கு. அவர் ஆங்கிலத்தில் பேசியதை என் தமிழில் தருகிறேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மூக்கு எங்கள் வீட்டு மூக்கு இல்லை. தப்பித்தாய்" என்றார். ஐந்து நிமிடத்தில் எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

எங்கள் பெயரின் கதையை அவர்தான் சொன்னார். ஆயிரம் வருடத்துக்கு முன் வடக்கிலிருந்து கடல் தாண்டி வந்தவர்களில் கெட்டில் என்று ஓர் ஆள். 'பி' என்றால் அவர்கள் மொழியில் பண்ணை, குடியிருப்பு. கெட்டிலின் பண்ணை, அவ்வளவுதான். நம் பக்கம் மாடசாமி தோட்டம் என்கிறோமே, அது மாதிரி. அந்தப் பெயருள்ள கிராமங்கள் லெஸ்டர் பக்கம் இன்னும் இருக்கின்றன. அங்கிருந்து பிழைக்கப் போனவர்களை ஊர்ப் பெயராலேயே கூப்பிட்டார்கள், அதுவே பரம்பரைக்கும் ஒட்டிக்கொண்டது. "துரைமார் என்று நினைக்காதே. நாங்கள் ஆடு மேய்த்தவர்கள்" என்றார். அந்தக் கெட்டில் என்ற பெயருக்கும் அண்டா என்றுதான் பொருளாம். பள்ளிக்கூடத்தில் என்னைப் பார்த்து "டீ ரெடியா?" என்று கேட்ட பயல்கள் அத்தனை பேரும் ஆராய்ச்சியாளர்கள் என்பது நாற்பது வருடம் கழித்துத் தெரிந்தது.

அத்தையிடமிருந்து கற்ற தமிழ் அவருக்கு இரண்டே சொற்கள். "முக்கு தாயே." டாக்டரம்மா ஓய்வு பெற்று வந்த பிறகு எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்வாராம். ஜாம் பாட்டில் மூடி திறக்காவிட்டாலும் முக்கு தாயே, டோரதி வீட்டு வரவுசெலவுக் கணக்கில் விழித்தாலும் முக்கு தாயே. அதன் அர்த்தம் 'முயற்சி செய்' என்று அவர் நினைத்திருந்தார். அது பிரசவ அறைச் சொல் என்று நான் திருத்தவில்லை. ஒரு வகையில் சரிதானே.

பிறகு அலமாரியைக் காட்டி எடுக்கச் சொன்னார். பழைய குடும்ப பைபிள், இரண்டு செங்கல் கனம். முன்பக்கங்களில் பிறப்பும் இறப்பும் தலைமுறை தலைமுறையாக எழுதியிருந்தது. ஒரு வரிசையில் மூன்று ஆண்கள், மூவருக்கும் இறந்த வருடம் முதல் உலகப் போரில். அவர்கள் டோரதியின் பெரியப்பாமார். நான்காவது ஆண் அவருடைய அப்பா, அவருக்கு டோரதி ஒரே பெண். கடைசியில் அத்தையின் பெயர். அதிலிருந்து மையால் ஒரு புள்ளிக்கோடு கீழே இறங்கியது. கோட்டின் முனையில் டோரதியின் கையெழுத்தில்: கெட்டில்பி, இந்தியா, 1932. அதன் கீழே நான், நான் பிறந்த வருடத்தோடு. அப்பா எழுதித் தெரிவித்திருக்கிறார்.

"முதலில் உன் அப்பாவின் தேதியை எழுது" என்றார். எழுதினேன். ஜனவரி 19, 2009. 

"இப்போது உன் மகன். என் எழுத்து இப்போது எனக்கே புரிவதில்லை. எழுதிவிட்டு நீயே எடுத்துப் போ. ஒரு கெட்டில்பி கையில் இது இருக்க வேண்டும், உனக்குப் பிறகு அவன் கையில்."

பொய் எழுதி வயிறு வளர்ப்பவன் நான். வாரா வாரம் பத்திரிகையில் இரண்டு பக்கம் கூசாமல் எழுதுகிறேன். இங்கே தேவைப்பட்டது ஒரே ஒரு சொல். பேனா நகரவில்லை. டோரதி கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் முழங்கையைத் தட்டி, "முக்கு தாயே" என்றார்.

சொன்னேன். எங்கள் வழக்கத்தில் வீட்டுப் பெயர் கிடையாது, அப்பா பெயர்தான் பிள்ளைக்குப் பின்னால் வரும், என் மகன் ரோஹித் சுடலைமுத்து, கெட்டில்பி என்னோடு முடிகிறது.

"ஆனால் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பீர்களாமே" என்றார். பைபிளின் பின்அட்டையிலிருந்து ஒரு கடிதத்தை உருவிக் கொடுத்தார். 1992. அப்பாவின் தனிப் பேனா எழுத்து. பேரன் பிறந்திருக்கிறான், எங்கள் வழக்கப்படி அடுத்த வாரம் அவனுக்கு என் பெயரை வைப்பார்கள், டாக்டரம்மாவின் பெயர் இன்னொரு ஆயுசு இருக்கும்.

அந்த அடுத்த வாரம் நடந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இந்தப் பெயரால் நான் பட்ட கேலி போதும் என்று முதல் நாளே அப்பாவிடம் சொல்லியிருந்தேன். அவர் சரி என்றார். மறுநாள் குழந்தையின் காதருகே குனிந்து, ரோஹித், ரோஹித், ரோஹித் என்று மூன்று முறை, பிசகாமல் சொல்லி, சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்தார். பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

"அதற்குப் பிறகும் பேரனைப் பற்றி வருடா வருடம் எழுதினார்" என்றார் டோரதி. "பல் முளைத்தது, சைக்கிள் ஓட்டுகிறான், எல்லாம். பெயரை மட்டும் எழுதவே இல்லை. 'பையன்' என்றுதான் எழுதுவார். நானும் பெயர்தான் தெரியுமே என்று கேட்கவில்லை." பிறகு, "அவருக்கு வருத்தமா?" என்றார்.

"சொல்லவில்லை."

"கெட்டில்பிகள் சொல்ல மாட்டார்கள்" என்றார்.

பேனாவை வாங்கி மூடினார். பைபிளை மடியில் இழுத்துக்கொண்டார். "அப்படியானால் இதை என்னோடு வைத்துவிடச் சொல்கிறேன். நீ எதற்கு இந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டு." கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. டாக்ஸி காத்திருக்கிறது, ரயிலில் கூட்டம் வந்துவிடும் என்று ஏதோ உளறினேன். "இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறதே, டீ வரும்" என்றார். எழுந்துவிட்டேன்.

பதிவேட்டில் போன நேரம் மூன்று இருபது என்று எழுதினேன். காலியாக விட்ட கட்டத்தில் 'குடும்பம்' என்று எழுதினேன்.

குகன் கதவைத் திறந்துவிட்டு, "சொந்தக்காரரோ அண்ணை?" என்றார். "ஓம்" என்றேன், அவர் ஊர்க்காரன் மாதிரி.

வீட்டுக்கு வந்து மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பதினேழு வயது. காதில் மாட்டியிருந்த ஒயரைக் கழற்றிவிட்டுக் கேட்டான். "செம பேருப்பா. எனக்கு ஏன் வைக்கல?"

அக்டோபரில் இல்லத்திலிருந்து கடிதம் வந்தது. பதிவேட்டில் குடும்பம் என்று எழுதியிருந்த ஒரே ஆள் நான் என்பதால் எனக்கு எழுதியிருந்தார்கள். டோரதி தூக்கத்தில் போய்விட்டார். அவர் சொன்னபடியே பைபிளைப் பெட்டியில் அவரோடு வைத்துவிட்டார்களாம். அதில் என் பெயருக்கு எதிரே ஒரு தேதி பாக்கி.

போகிறவர்களுக்கு: ஜூனிலும் ஸ்வெட்டர் வேண்டும். காலை ஒன்பதரைக்கு மேல் ரயில் ஏறினால் கட்டணம் குறைவு. மானுமென்ட் நகரும் படிக்கட்டில் இடப்பக்கம் நின்றால் பின்னால் வருபவர்கள் முறைப்பார்கள், வலப்பக்கம் நில்லுங்கள். மோர்டனில் முதியோர் யாரையாவது பார்க்கப் போவதானால், பார்வையாளர் நேரம் பெரும்பாலும் நான்கு வரை. மூன்றரைக்கு டீ வரும். நான்கு வரை இருங்கள்.