இடிக்குத் திரும்பிய முகம்

"தாத்தா முகம் மட்டும் கலைஞ்சிருக்கும்மா. கண்ணு மூக்கெல்லாம் நானே வரைஞ்சிடட்டுமா?" என்று ஸ்டுடியோக்காரர் கேட்டார். அத்தையின் கல்யாணப் படம் அது. தாத்தா இருக்கும் ஒரே படமும் அதுதான். பெரிதாக்கிச் சுவரில் மாட்ட எடுத்து வந்திருந்தோம்.

"படிச்ச பொண்ணு, நீ சொல்லு பாப்பா. மூக்கு இன்னா மாதிரி இருந்திச்சி?" என்றார் அத்தை. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். எதற்கும் என்னைத்தான் கேட்பார்கள். அதில் எனக்குக் கர்வமும் உண்டு.

மூக்கு நினைவுக்கு வரவில்லை. தாத்தாவின் சட்டையில் வீசிய ஆவாரம்பட்டை வாசனைதான் வந்தது. ஆம்பூரில் அவர் வேலை செய்த தோல் பதனிடும் ஷாப்பை ஒட்டியே எங்கள் வீடு. அத்தையின் கல்யாணத்தன்றும் வெளியே தோல்கள் காய்ந்துகொண்டிருந்தன. நான் தாத்தா மடியில் இருந்தேன். படம் பிடிப்பவரின் கறுப்புத் துணிக்குள்ளிருந்து "அசையாதீங்க!" என்று குரல் வந்தது. அப்போது எங்கோ இடி முழங்கியது.

"ஐயோ, தோலு நனைஞ்சிடும்!" தாத்தா வானத்தைப் பார்த்துத் திரும்பிய நொடியில்தான் படம் பதிந்தது. என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினார். நனைந்தால் தோலில் கறை விழுந்துவிடும். கல்யாணக் கூட்டமே பின்னால் ஓடியது.

"மாலை போட்ட மாப்பிள்ளைய தோல் தூக்க வெச்ச மனுசன்!" நான் அதைச் சொன்னதும் அத்தை சிரித்தார்.

ஸ்டுடியோக்காரர் பென்சிலோடு காத்திருந்தார்.

"வரைய வேணாங்க," என்றேன். "அது வேற யாரோவா ஆயிடும்."

அத்தை படத்தை வாங்கி முந்தானையால் துடைத்தார். "ஆமா. மேகம் கறுத்தப்புறமும் உக்காந்திருந்தா அது எங்கப்பாவே இல்ல."