கயிற்றின் இழுவிசை

அம்புக்குறி போட்டுக் கணக்குச் செய்பவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஒரு கல், ஒரு கயிறு என்றால் போதும், எடைக்குக் கீழே ஓர் அம்பு, கயிற்றின் இழுப்புக்கு மேலே ஓர் அம்பு என்று வரைந்து தள்ளுவார்கள். முதுகலை இயற்பியலுக்கு வந்த பிறகும் அதெல்லாம் எதற்கு? லக்ராஞ்சியன் என்றொரு முறை இருக்கிறது. இயக்க ஆற்றலிலிருந்து நிலை ஆற்றலைக் கழித்து, வகையீடு செய்தால் முடிந்தது. விசை என்ற பேச்சே இல்லை.

மாலையில் துறை வாசிப்பறையில் நானும் என் வகுப்புத் தோழியும் கணக்குப் போட உட்காருவோம். நான் சாமராஜநகர் மாவட்டத்து ஹனூர்ப் பக்கம். அவள் இந்த மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். குவாண்டம் கணக்கென்றால் என் பேனா பறக்கும். அவளோ எதையும் படத்தில்தான் தொடங்குவாள். பெட்டிக்குள் அடைபட்ட துகள் என்றால் முதலில் ஸ்கேல் வைத்துப் பெட்டியை வரைவாள்.

"இன்னும் பி.யு.சி. தாண்டலையாடி நீ? ப்ளஸ் டூ பசங்க மாதிரி அம்பு விட்டுட்டே இருக்கறே," என்பேன். சிரிப்பாள். அவள் சிரித்ததால் எனக்கு இன்னும் இளக்காரம். மற்றவர்கள் எதிரிலும் சொன்னேன்.

இங்கேயே ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் பிஎச்.டி. நேர்காணல் வந்தது. அது கிடைக்காவிட்டால் சாமராஜநகரில் ஏதாவது பள்ளிக்கூட வேலைக்குப் போவது என்று வீட்டில் பேசி வைத்திருந்தார்கள். எனக்கு அந்த இடம் வேண்டும். அவள் விண்ணப்பமே போடவில்லை. "பிடு, அடுத்த வருஷம் பாக்கலாம்," என்று 'விடு'வைக் கன்னடமாக்கிச் சொன்னாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

குவாண்டத்தில் கேட்பார்கள் என்று காத்திருந்தேன். நடுவில் இருந்த பேராசிரியை கேட்டது வேறு. மேலே மாட்டிய கயிற்றில் கட்டிய கல்லை, கயிறு படுக்கைவாட்டில் நீளும்படி பிடித்து விட்டுவிட்டால், அடிப்புள்ளிக்கு வரும்போது கயிற்றின் இழுவிசை என்ன? எனக்குச் சிரிப்பு வந்தது. பலகையில் லக்ராஞ்சியனைக் கடகடவென்று எழுதினேன். சமன்பாடு அழகாக வந்தது. அதில் கோணம் இருந்தது, புவியீர்ப்பு இருந்தது. இழுவிசை மட்டும் இல்லை.

இருக்காது. கயிற்றின் நீளம் மாறாது என்று முதல் வரியிலேயே வைத்துக்கொண்டால் இழுவிசை கணக்கை விட்டே போய்விடும். அந்த முறையின் சௌகரியமே அதுதான். அந்தச் சௌகரியத்தில்தான் நான் இத்தனை நாள் துள்ளிக்கொண்டிருந்தேன்.

"படம் போட்டுப் பாருங்களேன்," என்றார் அவர், தன்மையாக. கீழே ஓர் அம்பு, மேலே ஓர் அம்பு போட்டேன். இரண்டும் சமம், ஆகவே இழுவிசை கல்லின் எடைதான் என்றேன்.

"அப்படியென்றால் கல் ஏன் நேராகப் போகாமல் வளைகிறது?"

வளைவதற்கே எடையைப் போல இரு மடங்கு வேண்டும், ஆக இழுவிசை மூன்று மடங்கு என்பது திரும்பி வரும்போது பேருந்தில்தான் உறைத்தது. காது மடல் இரண்டும் எரிந்தன. பக்கத்து இருக்கைக்காரருக்குக்கூடத் தெரிந்துவிட்டது போல ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் வாசிப்பறையில் அவள், "என்ன கேட்டாங்க?" என்றாள். சொன்னேன். தோற்றதையும் சொன்னேன். அவள் ஒரு தாளை இழுத்து வரையத் தொடங்கினாள். இடது கை தாளின் மேல் குவிந்திருந்தது.

"எதுக்குடி மறைக்கறே?"

"நீ சிரிப்பேல்ல, அதான். பழகிப்போச்சு."

நான் பேனாவை மூடி வைத்தேன். "அதனாலதான் அப்ளை பண்ணலையா?"

"பி.யு.சி. தாண்டாதவளுக்கு அங்கே என்ன வேலை?" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். உண்மையென்று நம்பித்தான் சொன்னாள்.

கையை எடுத்தாள். கீழே சின்னதாக ஓர் அம்பு. மேலே அதைப் போல மூன்று மடங்கு நீளத்தில் இன்னொன்று. பக்கத்தில் இரண்டே வரிக் கணக்கு. அந்த நேர்காணலுக்குப் போயிருக்க வேண்டியவள் இவள். போகவிடாமல் செய்தது நான். நினைக்கவே கூசியது.

அவள் தாளை என் பக்கம் நகர்த்தினாள்.

"சரியாடி?" என்று என்னைத்தான் கேட்டாள்.