கோணாமலையின் ஒன்றரை மணிநேரப் படிப்பு

உங்கள் காலடியில் ஒரு பிள்ளை மூச்சில்லாமல் கிடக்கிறது. இப்போதுதான் தண்ணீரிலிருந்து தூக்கியிருக்கிறார்கள். முதலில் என்ன செய்வீர்கள்? யோசிக்க நேரம் கேட்காதீர்கள். அந்தப் பிள்ளையிடம் நேரம் இல்லை.

தெரியாதென்றால் கோணாமலையின் கதையைக் கேளுங்கள். அவருக்கும் தெரியாது.

கோணாமலை பாதைக்காரர். இரண்டு தோணிகளைப் பிணைத்து மேலே பலகை அடித்த மிதவைக்கு எங்கள் வாவிக்கரையில் பாதை என்று பெயர். ஆட்களும் மோட்டார் சைக்கிளும் மண்டூர்க் கோயிலுக்குப் போகிற கூட்டமும் அதில்தான் அக்கரை சேரும். 2004 மார்கழி, அதாவது டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அவர் கடற்கரைப் பக்கம் தங்கை புஸ்பத்தின் வீட்டுக்குப் போயிருந்தார். கடல் வந்து திரும்பிய பிறகு, தங்கையின் மகள் பிரஷாந்தியை வேலியில் சிக்கியபடி கண்டெடுத்தார். ஆறு வயது.

“காலைப் பிடிச்சுத் தலைகீழாத் தூக்கு! தண்ணி வெளிய வரட்டும்!” என்று சுற்றி நின்றவர்கள் கத்தினார்கள்.

அவர் தூக்கினார். உலுக்கினார். சுற்றிச் சுற்றி நடந்தார். பிள்ளையின் வாயால் தண்ணீர் வந்தது. “வருது, வருது” என்று எல்லோரும் ஆறுதல்பட்டார்கள். தண்ணீர்தான் வந்தது. மூச்சு வரவில்லை.

செத்தவீட்டில் விதி என்றார்கள். தண்ணீரில் மூழ்கியவரைத் தலைகீழாகப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது எந்த விதி? தெரியாமையை விதி என்று அழைத்தால் யாரும் எதுவும் படிக்க வேண்டியதில்லை. வசதியான ஏற்பாடு.

வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் சண்டை ஓய்ந்து சனம் ஊர் திரும்பியபின், 2008இல், ஒரு நிறுவனம் பொதுமக்களுக்கு மூன்று நாள் முதலுதவிப் பயிற்சி என்று அறிவித்தது. சேருகிறவர்களின் பெயரைப் பதிந்தவர் ஊர்ச் சங்கச் செயலாளர் வினாயகமூர்த்தி. கோணாமலை சாரத்தை அவிழ்த்து ஒழுங்காகக் கட்டிக்கொண்டு போய் நின்றார்.

“என்ன கோணாமலை, டொக்டராகப் போறியோ?”

“இல்ல ஐயா. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாதையில போகுது, வருது. விழுந்தா நாந்தானே நிக்கிறன்.”

“ஓலெவல் பாஸ் எண்டு படிவத்தில கிடக்கு. நானா போட்டன்?”

“விழுறவன் என்ர ரிசல்ட்டப் பார்த்திட்டா விழுவான்?”

“வாய் மட்டும் டொக்டர்ர வாய்தான். போ, போ.”

ஓலெவல் பதினோராம் வகுப்புச் சோதனை. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவருக்குப் பொதுமக்கள் பட்டியலில் இடமில்லை. அப்படியானால் அவர் யார்?

பயிற்சியாளர் முனாப் காத்தான்குடிக்காரர்; முஸ்லிம் அண்ணன்மாரை அழைப்பதுபோல் கோணாமலைக்கு அவர் ‘நானா’. காலையும் மாலையும் கோணாமலையின் பாதையில்தான் வாவியைக் கடந்தார். கையில் பெரிய பெட்டி.

“பெட்டிக்குள்ள ஆரு நானா?”

“ஆளொண்டுதான் தம்பி. தலையும் நெஞ்சும் மட்டும்.”

“அப்ப அரை டிக்கட்.”

முனாப் சிரித்துவிட்டார். சிரித்த கையோடு பெட்டியைத் திறந்து பயிற்சிப் பொம்மையை வெளியே எடுத்து வைத்தார். இயந்திரத்தைக் கூட்டாளியிடம் விட்டுவிட்டுக் கோணாமலை பலகையில் முழங்காலிட்டார்.

“நெஞ்சின்ட நடுவில. முழங்கைய மடக்காதீங்க. முப்பது தரம் அமுக்கி, ரெண்டு மூச்சு.”

“கோணாமலை, அது உனக்கு என்னத்தச் செய்தது, இந்தக் குத்துக் குத்துறாய்?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். பாதையே சிரித்தது. கோணாமலை எண்ணுவதை நிறுத்தவில்லை.

ஒருமுறை கடக்கக் கால்மணி நேரம். மூன்று நாள், போக வர ஆறு தடவை. ஒன்றரை மணிநேரம். அவருடைய மருத்துவப் படிப்பு அவ்வளவுதான். அக்கரை மண்டபத்தில் என்ன நடந்தது என்பதை முனாப்பே சொன்னார். பொம்மை மேசைமேல் வெள்ளைத்துணியில் கிடந்தது. பிரமுகர்கள் பேசி முடிக்கச் சாப்பாடு வந்தது. படம் எடுப்பதற்காக இரண்டுபேர் அதைத் தொட்டார்கள். முப்பது பேருக்கும் சான்றிதழ்.

மூன்றாம் நாள் மாலை கோணாமலை கேட்டார்: “தலைகீழாப் பிடிச்சு முதல்ல தண்ணிய எடுக்கத் தேவையில்லையா?”

“அதால நேரந்தான் போகும். மூச்சுத்தான் குடுக்கணும்.”

கோணாமலை பொம்மையிலிருந்து கையை எடுத்தார். பிறகு பிரஷாந்தியைப் பற்றிச் சொன்னார்.

“அண்டைக்கு இப்பிடிச் செய்திருந்தாலும் பிழைச்சிருக்குமெண்டு என்னால சொல்ல ஏலாது தம்பி.”

“செய்து பார்த்திருப்பனே நானா.” மறுபடி பொம்மையின் நெஞ்சில் கையை வைத்துக் கேட்டார்: “அந்த வயசுப் பிள்ளைக்கு எப்பிடி? இந்தப் பலத்தில அமுக்கினா நெஞ்சு தாங்குமா?”

“பிள்ளைக்கு அளவு வேற. வாயால சொன்னா உங்கட கைக்கு விளங்காது. சின்னப் பொம்மை வேணும். அது பெரிய வகுப்பில இருக்கு. எப்பிடியும் வந்து சேருங்க.”

பாதை கரையில் முட்டியது.

2009 வைகாசி, மே மாதம். போர் முடிந்துவிட்டது என்று வானொலி சொன்ன கிழமை. புடவை வியாபாரி சாலிஹ் மோட்டார் சைக்கிளோடு பாதையில் ஏறும்போது சறுக்கி, வண்டிக்கும் பாதைக்கும் இடையில் தண்ணீருக்குள் போனார். இழுத்துப் போட்டபோது மூச்சில்லை.

“தள்ளு, நான் சேர்ட்டிபிக்கட் எடுத்தவன்” என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு வினாயகமூர்த்தி வந்தார். குனிந்தார். வயிற்றில் கை வைத்தார். எடுத்தார். பிறகு கத்தினார்: “காலைப் பிடிச்சுத் தூக்குங்க!”

கோணாமலை அவரைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு முழங்காலிட்டார்.

“ஐயோ, நெஞ்செலும்ப முறிக்கிறான்! பிடியுங்கடா அவன!”

ஒருவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். சட்டை கிழிந்தது. இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. இரண்டு மூச்சு. நான்காவது சுற்றில் சாலிஹ் இருமினார், வாந்தி எடுத்தார். பக்கம் சரித்துப் பிடித்து, ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஆள் பிழைத்தார்.

அடுத்த மாதம் பாராட்டுக் கூட்டம் நடந்தது. பொன்னாடை வினாயகமூர்த்திக்கு. அந்த இடத்தில் நின்ற, பயிற்சி பெற்ற தொண்டர் அவர்தானாம். கேட்டபோது எனக்கு இரத்தம் கொதித்தது. கோணாமலைக்குக் கொதிக்கவில்லை. “பொன்னாடையப் போத்துக்கொண்டு பாதையக் கரையில கட்ட ஏலுமா?” என்றார்.

அவர் கேட்டது பெரிய வகுப்பை. விண்ணப்பம் எழுதினார். சாலிஹ் தன் கைப்பட ஒரு கடிதமும் இணைத்தார். இரண்டு கிழமையில் பதில் வந்தது: தகைமை போதாது.

பிழைத்த ஆளே எழுதிய கடிதத்தைவிட, ஒரு சோதனைத்தாள் பெரிய தகைமையாம்! இந்தப் படிவத்தை எழுதியவர் ஒருநாளாவது வாவிக்கரையில் நின்றிருப்பாரா?

நாள்தோறும் காலையில் வெள்ளைச் சீருடையில் நாற்பது பிள்ளைகள் கோணாமலையின் பாதையில் ஏறுகிறார்கள். விளிம்பில் நின்று தண்ணீரில் கை நனைக்கிறார்கள். அவர் அதட்டி உள்ளே தள்ளுகிறார்.

“சாலிஹ் நானாவ எடுத்திட்டன்” என்றார் என்னிடம். “இதுகளில ஒண்டு விழுந்தா, எவ்வளவு அமுக்கிற எண்டு எனக்கு இன்னும் தெரியாது.”

அடுத்த பயிற்சிப் படிவம் உங்கள் ஊருக்கும் வரும். அதில் அந்த ஓலெவல் வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், வெட்டச் சொல்லி எழுதுங்கள். வெட்டாவிட்டால் நேரே போய்க் கேளுங்கள். பெயர்ப்பட்டியலில் பாதைக்காரரையும் தோணிக்காரரையும் ஓட்டோக்காரரையும் முதலில் எழுத வையுங்கள். நீங்களும் சேருங்கள். மண்டபத்தில் பேச்சு நீண்டால் எழுந்துபோய்ப் பொம்மைக்குப் பக்கத்தில் முழங்காலிடுங்கள். சின்னப் பொம்மையும் வந்திருக்கிறதா என்று கேளுங்கள். வராவிட்டால், கொண்டுவரும்வரை அங்கிருந்து எழும்பாதீர்கள்.