குடைப்பனைக்கு வந்த பொங்கல்

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் வீட்டுக்காரருக்குப் பனைப் பைத்தியம் பிடித்தது. தென்னை மாதிரிக் கீற்று விடுவதெல்லாம் அவருக்கு மரமே இல்லை. ஓலை விசிறியாக விரியவேண்டும். ரேஸ்கோர்ஸ் பக்கம் மொபெட்டில் போனால் பங்களாவுக்குப் பங்களா நிறுத்திப் பாடம் எடுப்பார். ஓலையில் நூல் நூலாகத் தொங்கினால் அமெரிக்காப் பனை. மட்டை ஓரம் அரம் மாதிரிக் கருப்பாக இருந்தால் நம்மூர்ப் பனை. காய்கறிப் பையோடு பின்னால் உட்கார்ந்திருந்த என் தலைக்கு எந்தப் பனையும் நிழல் தந்ததில்லை.

அப்புறம் பாலக்காட்டுப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனவர், பூத்துக் காய்த்துச் சாகக் கிடந்த ஒரு குடைப்பனையின் கொட்டைகளை மஞ்சப்பை நிறைய அள்ளிவந்தார். அதன் ஓர் ஓலைக்கடியில் ஒரு குடும்பமே மழைக்கு ஒதுங்கலாமாம். ஆயுசுக்கும் ஒரே தடவைதான் பூக்குமாம், அதற்கு அம்பது வருசம்கூட ஆகுமாம். யார் இருந்து பார்க்கப்போவது என்று கேட்டேன். அன்றைக்கு முழுக்க என்னோடு பேச்சில்லை. கிணத்துக்கடவிலிருந்த தன் அக்காவுக்குப் போன் போட்டு மரத்தின் பெருமையை அளந்துகொண்டிருந்தார்.

புழக்கடையில் மணல் கொட்டி, கொட்டைகளை ஊறவைத்துப் புதைத்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டார். என் ஜாதிமல்லிக்கு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிய மனுசனில்லை. மாசக்கணக்கில் ஒன்றையும் காணோம். மார்கழியில் ஒற்றை ஓலைகளாக எட்டிப் பார்த்தபோது, பிள்ளை பெற்றவர் மாதிரித் திரிந்தார். கோடை மழைக்கு வாசல் மூலையில் நடுவதாகத் திட்டம்.

பொங்கலுக்கு அக்கா வந்தார். நாங்கள் கரும்பு வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் அடுப்பில் பெரிய குண்டா கொதித்துக்கொண்டிருந்தது. தை மாசம், வீட்டுக்குப் பின்னால் நனைந்த மணல்மேடு, அதில் ஒற்றை ஓலை என்றால் எங்கள் பக்கத்தில் யாருக்கும் அது பனங்கிழங்குதான். முளைக்கும்போது எல்லாப் பனையும் ஒரே மாதிரிதானே! நாத்தனார் அத்தனையையும் பிடுங்கிக் கழுவி, உப்பும் மஞ்சளும் போட்டு வேகவைத்துவிட்டார்.

வீட்டுக்காரர் மணல்மேட்டைப் பார்த்தார், குண்டாவைப் பார்த்தார். பொங்கலுக்கு வந்த அக்காவை நோகடித்து அனுப்புகிற தம்பியை எங்கள் சனம் லேசில் விடாது. கரும்பைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

"கெழங்கே எறங்கலை கண்ணு, வெறும் நாராக் கெடக்குது. உன்ற பொண்டாட்டி சரியாத் தண்ணி உடலையாட்ட இருக்குது," என்று நாத்தனார் ஒரு துண்டைத் தம்பி கையில் கொடுத்தார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வாயைத் திறக்கப் போனேன். அவர் கண்ணாலேயே கெஞ்சினார். அத்தனை மாசமும் அந்த மரத்தைக் கிண்டலடித்தவள்தான் நான். ஆனாலும் அந்த மனுசன் தலையைக் குனிந்து நாரை மென்றதைப் பார்க்க எனக்கே பொறுக்கவில்லை.

"அடுத்த வருசம் நல்லா உடறேனுங்க," என்று சொல்லிவைத்தேன்.

மறுநாள் பஸ் ஸ்டாப்பில் வழியனுப்பப் போயிருந்தோம். சீர்ப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாத்தனாருக்குத் திடீரென்று ஞாபகம் வந்துவிட்டது.

"ஏங்கண்ணு, என்னமோ கொடையாட்ட ஒரு மரம்னியே, மொளைச்சுதா?"

இல்லை என்று அவர் தலையாட்டினார்.

"உனக்கு எங்க பொறுமை இருக்குது? அந்த வெதைய என்ற கையில குடுத்திருந்தீன்னா, ஒண்ணு உடாம மொளைக்க வெச்சிருப்பேன்."

வீட்டுக்காரர் பஸ் வருகிறதா என்று எதிர்த்திசையில் பார்த்துக்கொண்டு நின்றார். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.