பழைய எண்ணில் இரண்டு சர்வர்கள்

எனக்குக் கை முந்தும், வாய் பிந்தும். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டார்கள் என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவன். தேயிலைத் தொழிற்சாலையில் கணினி பார்க்கிற வேலைக்கு இந்தக் குணம் ஆகாது.

எங்கள் எஸ்டேட்டில் யார் யார் எந்தக் கணினிக்குள் நுழையலாம் என்ற பட்டியல் முழுவதும் ஒரு பழைய சர்வரில் இருந்தது. ஆபீஸ் கணினிகளும் மலைமேல் கொழுந்து நிறுக்கிற தராசுகளும் அதன் நெட்வொர்க் எண்ணைத் தேடிப் போய்க் கேட்டால்தான் திறக்கும். புதிய சர்வருக்கு வேறு எண் கொடுத்தால் ஒவ்வொரு தராசாக ஏறிப்போய் மாற்ற வேண்டும். அதனால் பழையதை அணைத்துவிட்டு அதன் எண்ணையே புதியதற்குக் கொடுத்தேன். ஒரே எண்ணில் இரண்டும் ஓடினால் எல்லாம் நாசம்.

"ஏதாச்சும் சொதப்புன, வீட்டக் காலி பண்ணிட்டுப் போய்க்கிட்டே இரு" என்று எஸ்டேட் மேனேஜர் துரை முன்பே சொல்லியிருந்தார். எங்கள் லயத்து வீடு வேலையோடு வருவது, வேலையோடு போவது.

ஆயுத பூஜையன்று காலை பத்து மணிக்குத் தராசுகள் செத்தன. நல்ல மழை. ஷெட்டில் குவிந்த மூட்டைகளுக்குள் கொழுந்து சூடேறிக் கருக ஆரம்பித்தது. நிறுக்காமல் மூட்டையை விடமாட்டோம் என்று ஆட்கள் முட்டினார்கள். ஒருவன் வேலை வாங்கும் மண்டோரின் சட்டையைப் பிடித்துக் கிழித்தான். துரை என் மேசையை எட்டி உதைத்தார். நான் புதிய சர்வரோடு இரண்டு மணி நேரம் மாரடித்தேன்.

அதன்பிறகுதான் பின்னறையில் மின்விசிறிச் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். பழைய சர்வர் சந்தனப் பொட்டும் சாமந்தி மாலையுமாக ஓடிக்கொண்டிருந்தது. பொட்டு வைத்த இயந்திரத்தை ஒரு தடவையாவது ஓட்டிவிடுவது எங்கள் வழக்கம். துருப்பிடித்த உருளையைக்கூடக் கையால் சுற்றிவிடுவார்கள். என் தங்கையின் கணவர்தான் தொழிற்சாலைக்கு எலக்ட்ரிக்காரர். பொரிகடலைத் தட்டோடு உள்ளே வந்தார்.

"நான்தான் மச்சான் சுவிட்சத் தட்டிவிட்டேன். பொட்டு வச்சிட்டுச் சும்மா போட்டா நல்லதில்ல லா" என்றார்.

வாயிலேயே குத்தினேன். பொரி சிதறியது. அவர் பல் என் விரல்முட்டியைக் கிழித்தது. அவர் என் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினார்.

"வயர நீ ஏன்டா கழட்டல?"

உண்மை. நெட்வொர்க் வயரை நான் பிடுங்கியிருந்தால் அது ஓடியும் ஒன்றும் ஆகியிருக்காது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சோம்பலில் விட்டவன் நான். அந்த உண்மையைச் சொன்னதற்காகவே அவர் வயிற்றில் ஒரு உதை விட்டேன்.

துரை வந்து விலக்கினார். "எவன் இதப் போட்டது?"

நான் கை நீட்டிக் காட்டினேன். மச்சான் ரத்தத்தைத் துப்பிவிட்டு என்னையே பார்த்தார். வயரைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

அந்த வாரமே அவர்கள் வீடு காலியானது. பக்கத்து ஊரான கோலா தெர்லாவில் காய்கறி லோரிக்கு மூட்டை ஏற்றும் வேலை அவருக்குக் கிடைத்தது. கடைசிப் பெட்டியை எடுக்க வந்த தங்கை, வீங்கியிருந்த என் கையைப் பிடித்துப் பார்த்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

"வயரு கதைய அவரு எங்கிட்ட சொன்னாருண்ணே" என்றாள். "தொரைகிட்ட ஏன் சொல்லலன்னு கேட்டேன். நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டு நின்னாராம்."