காலி அறை

ஆர்விட் டாலன் கடையில் வெண்ணெய் வாங்கினால், வீட்டுக்கு வந்ததும் தராசில் வைத்துப் பார்ப்பார். பெட்ரோல் போடும்போது எண்கள் ஓடுவதை உதடசைய வாசிப்பார். டிவியில் வானிலை சொல்லும் பெண் கொஞ்சம் அதிகமாகச் சிரித்துவிட்டால், "இவ எதையோ மறைக்கிறா" என்று பனி அள்ளும் மண்வெட்டியை எடுத்து வாசலில் சாய்த்துவைப்பார்.

அமெரிக்காவின் மான்டானா மலையடிவாரத்தில் மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டுவது அவர் பிழைப்பு. அந்தப் பிழைப்புக்கு இந்தக் குணம் தேவைதான். வெள்ளையாய்ச் சமமாய்த் தெரியும் எதையும் நம்பாதவன்தான் பள்ளத்தில் கவிழாமல் வீடு வந்து சேர்வான். வண்டியை விட்டு இறங்கிய பிறகும் அவர் அதே கண்ணை வைத்துக்கொண்டிருந்ததுதான் தொல்லை.

"கல்யாணத்தன்னைக்குப் பாதிரியாரையே நிஜப் பாதிரியாரான்னு கேட்ட மனுஷன்" என்பாள் அவர் மனைவி டார்லீன்.

அந்தக் கோடையில் வேட்டை அனுமதிக் குலுக்கலில் அவர் பெயர் விழுந்தது. ஆற்றுக்கு மேலே உள்ள முகடுகளில், பெரிய கொம்புள்ள ஆண் எல்க் மான் ஒன்றைச் சுட அனுமதி. தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து வருஷம் தவறாமல் விண்ணப்பித்தது. இந்த முறை கோட்டைவிட்டால், அடுத்து பெயர் விழும்போது ஏறுவதற்கு முழங்கால் இருக்காது. அது அவருக்கு நன்றாகவே தெரியும்.

சந்தோஷம் ஒரு ராத்திரிகூட நிலைக்கவில்லை. போன வேட்டைப் பருவத்தில் ஒரு பெண் எல்க் புல்வெளியில் பக்கவாட்டில் நின்று அவருக்காகவே காத்திருந்த மாதிரி நின்றது. சுட்டார். அதன் காலடியில் மண் பறந்தது. மான் நிதானமாக மரங்களுக்குள் போய்விட்டது. அவ்வளவு பெரிய உடம்பைத் தவறவிட்டது தன் பிழையாக இருக்க முடியாது. அப்படியென்றால் துப்பாக்கி. துப்பாக்கி என்றால் லைல்.

லைல் டார்லீனின் தம்பி. அதற்கு முந்தின குளிர்காலத்தில் ஒரு வாரம் அந்தத் துப்பாக்கியை இரவல் வாங்கிப்போனான். திரும்பி வந்தபோது அதன் மரக்கட்டையில் ஒரு கீறல்.

"கீழ போட்டிருக்க" என்றார் ஆர்விட்.

"அது உன் வண்டிக் கதவுல நீயே இடிச்சதுடா. பக்கத்துல நின்னு பாத்தேன்."

"ஏன் அப்பவே சொல்லல?"

"சொன்னா, கதவை நான்தான் கோணலாக்கினேன்னு சொல்லுவ."

ஊர் உணவகத்தில் காலைக் காப்பிக்குக் கூடும் ஆட்கள் வேறு அவர் காதில் ஓதினார்கள். தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் அந்த இரும்புக் கூட்டை அங்கே ஆக்‌ஷன் என்பார்கள். தொழிற்சாலையில் வரும் ஆக்‌ஷனில் எல்லாம் ஒரு மயிரிழை கோணல் இருக்கும், கஸ்டம் என்று தனியாகக் கடைந்து செய்ததைப் போட்டால் கண்ணை மூடிக்கொண்டு சுடலாம் என்றார்கள். சொன்னவர்களில் ஒருவனும் போன வருஷம் எதையும் சுட்டதாக ஆர்விட்டுக்கு நினைவில்லை. ஆனாலும் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு நெட்டி ரோசலிடம் போனார்.

அந்தப் பள்ளத்தாக்கில் துப்பாக்கிகளைப் பிரித்துக் கோர்ப்பவள் நெட்டிதான். கடைசல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, அவர் துப்பாக்கியின் பூட்டை நாலு தரம் இழுத்துத் தள்ளிப் பார்த்தாள். கடைக்குப் பின்னால் இருந்த மேட்டுக்குப் போய், மணல் மூட்டைமேல் வைத்து மூன்று முறை சுட்டாள். குறிக் காகிதத்தை எடுத்து வந்து அவர் முன்னால் போட்டாள். மூன்று ஓட்டையையும் ஒரு எலுமிச்சம்பழம் மூடிவிடும்.

"கஸ்டம் ஆக்‌ஷன் வேணும்னா போட்டுத் தரேன், ஆர்விட். எனக்கு அது தொழில். நல்ல குழலும் சேந்தா இதே மூணும் ஒரு நாணயத்துக்குள்ள விழும். பூட்டு வெண்ணெய் மாதிரி ஓடும். போட்டிக்குச் சுடறவங்களுக்கு அதுதான் உசுரு. ஆனா உங்க மானோட நெஞ்சு எவ்வளோ பெருசு?"

"ரொட்டி சுடற தட்டு அளவு இருக்கும்."

"அப்போ எலுமிச்சம்பழத்துக்கும் நாணயத்துக்கும் உள்ள வித்தியாசம் அந்த மானுக்குத் தெரியப் போறதில்ல."

விற்கிறவளே வேண்டாம் என்கிறாள். வெளிமாநிலப் பணக்காரர்களுக்காக வேலையை ஒதுக்கி வைத்திருக்கிறாளா? லைல் முன்னாடியே வந்து ஏதாவது ஓதிவிட்டுப் போனானா? அவள் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில், கீழே விழுந்த வெற்றுத் தோட்டாக் கூடுகளைப் பொறுக்கித் தன் பெட்டியில் இருந்த தோட்டாக்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அவருடையவைதான்.

"உங்க தோட்டாவ நான் மாத்தல" என்றாள் நெட்டி, திரும்பாமலே. பிறகு கிட்டே வந்து அவர் புருவத்துக்கு மேலே பிறை போலிருந்த தழும்பைப் பார்த்தாள். "இது எப்போ?"

"சில வருஷம் முந்தி. சுடும்போது குறி பாக்கற ஸ்கோப் பின்னால வந்து இடிச்சுது. இங்க யாருக்குத்தான் இல்ல?"

"அதுக்கு முன்னாடி தவறவிட்டிருக்கீங்களா?"

அவர் தொப்பியைத் தழும்பின்மேல் இறக்கிவிட்டார்.

"ஒண்ணு செய்ங்க. வேற ஒருத்தர் தோட்டா போட்டுத் தரட்டும். நீங்க பாக்கக் கூடாது. சில தரம் போடட்டும், சில தரம் போடாம, தோட்டா அறையக் காலியா விட்டு மூடித் தரட்டும். குறி வச்சுச் சுடுங்க. கோளாறு எங்க இருக்குன்னு தெரிஞ்சுடும்."

"யாரு போடறது?"

"நீங்க நம்பற ஆள் யாராவது."

வீடு வரைக்கும் ஓட்டிக்கொண்டே யோசித்தார். பாலத்தைத் தாண்டினார், தானியக் கிடங்கைத் தாண்டினார். ஒரு பெயரும் கிடைக்கவில்லை. டார்லீனைக் கேட்டிருக்கலாம், அவளோ துப்பாக்கியைத் தொடமாட்டாள். கடைசியில் வேறு வழியில்லாமல் லைலையே கூப்பிட்டார். நம்பி அல்ல, கள்ளத்தனம் செய்தால் கையும் களவுமாகப் பிடிக்கலாமே என்று.

ஊருக்கு வெளியே சரளை தோண்டிய குழியில்தான் எல்லோரும் சுட்டுப் பழகுவார்கள். லைல் வண்டிக்குப் பின்னால் போய்ப் பூட்டை மூடிக் கொண்டுவந்து கொடுத்தான். ஆர்விட் குறிவைத்து விசையை இழுத்தார்.

டிக்.

வெடிச்சத்தம் இல்லை, உதை இல்லை. ஆனால் குழலின் முனை, கோழி தானியம் கொத்துகிற மாதிரி கீழே குத்தி எழுந்தது.

லைல் சரளையில் உட்கார்ந்துவிட்டான். "ஐயோ, கும்பிடுதுடா! துப்பாக்கி கும்பிடுது!"

"பூட்டுல நீ என்னமோ பண்ணியிருக்க."

"காலிடா அது. காலித் துப்பாக்கி எப்படிடா குதிக்கும்?"

மறுபடி கொடுத்தான். மறுபடி கொத்தியது. அடுத்த தரம் நிஜமாகவே வெடித்தது. குண்டு பலகைக்குக் கீழே மண்ணில் புதைந்தது. அதற்கடுத்தது காலி. இந்த முறை ஆர்விட்டே கவனித்தார். விசை முழுக்க இழுபடுமுன் கண் மூடிக்கொள்கிறது. தோள் முன்னால் முட்டுகிறது. புருவத்துத் தழும்பு அடி விழுமுன்பே வலிக்கிறது. வெண்ணெயை, பெட்ரோல் பம்பை, பாதிரியாரை எல்லாம் சந்தேகப்பட்டவருக்கு இந்தத் தோளைச் சந்தேகப்படத் தோன்றவே இல்லை.

லைல் சிரிப்பை நிறுத்திவிட்டான். "நாளைக்கும் வரலாம்" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

இலை உதிர்ந்து முடியும் வரை வந்தார்கள். கொத்துவது குறைந்தது; நிற்கவில்லை. ஆர்விட் தன் தோளை, கடன் வாங்கிப்போன ஆளைப் பார்ப்பதுபோல் ஓரக்கண்ணால் பார்க்கத் தொடங்கினார்.

வேட்டைப் பருவம் திறந்த வாரம், வேட்டைக்காரர்கள் போடும் ஆரஞ்சுச் சட்டைகளோடு இருவரும் முகடு ஏறினார்கள். காலை வெயிலில், எதிர்ச்சரிவின் புல் திட்டில் அந்த ஆண் எல்க் நின்றது. தலையைத் தூக்கினால் கொம்பு முதுகைத் தொட்டது. தூரம் ஒன்றும் பெரிதில்லை. ஆர்விட் முதுகுப்பையைக் கல்மேல் போட்டுப் படுத்தார். தவறினால்கூடப் போகட்டும், குடலில் சுட்டு, அது நாள்கணக்கில் எங்கோ கிடந்து சாவதை அந்த ஊரில் யாரும் மன்னிக்கமாட்டார்கள். அவரும் மன்னிக்கமாட்டார். தழும்பு வலிக்க ஆரம்பித்தது.

துப்பாக்கியைப் பின்னால் நீட்டினார். "லைல். நீ போட்டுக் குடு. நான் பாக்கல."

"இப்பவா? பைத்தியமா உனக்கு?"

"குடுடா."

முகத்தைத் திருப்பிக்கொண்டார். பின்னால் உலோகம் உரசும் சத்தம், பூட்டு மூடும் சத்தம். துப்பாக்கி கைக்கு வந்தது. உள்ளே இருக்கிறதா இல்லையா, அவருக்குத் தெரியாது. முன்னங்காலுக்குப் பின்னால் ஸ்கோப்பில் தெரிந்த கம்பிக் குறுக்கை நிறுத்தி, விசையை மெல்ல இழுத்தார்.

டிக்.

குறுக்கு அசையவில்லை. அந்த ஒரு பிடி ரோமத்தின் மேலேயே நின்றது. மான் புல்லைக் கடித்தது.

"கீழ அடுக்குல மூணு தோட்டா இருக்கு" என்று லைல் கிசுகிசுத்தான்.

ஆர்விட் பூட்டை இழுத்துத் தள்ளினார். இதுவும் காலியாக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே இழுத்தார். மலை முழுக்க வெடித்தது. எல்க் நாலு அடி நடந்து, முன்னங்கால்களை மடித்துச் சாய்ந்தது.

இறைச்சியை டார்லீனின் அடுக்களை மேசையில் பங்கு போட்டார்கள். ஆர்விட் வெண்ணெய்த் தராசை எடுத்து வந்தார். லைல் சிரிக்காமல் பையிலிருந்து தன் சொந்தத் தராசை எடுத்துப் பக்கத்தில் வைத்தான்.

"மலையில அந்த முதல் தரம்" என்றார் ஆர்விட், கத்தியைத் துடைத்துக்கொண்டே. "வேணும்னேதான அறையக் காலியா விட்டே? இல்ல, தோட்டாவ மேல ஏத்த மறந்துட்டியா?"

லைல் ஒரு துண்டைத் தன் தராசில் வைத்து, குனிந்து எண்ணைப் பார்த்தான்.

"சொல்லுடா."

"உனக்கு என்ன தோணுது?" என்றான் லைல்.

ஆர்விட் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.